மூவாயிரம் அடி

"மூக்கு மேல போகுது சார்! முன்னாடி தள்ளுங்க, தள்ளுங்க!"

மாதேஸ்வரன் தள்ளினார். கண்ணாடி நிறைய இருந்த வானம் நழுவி, நாமக்கல் பூமி முழுவதும் முகத்துக்கு நேரே எழுந்து வந்தது. கோழிப்பண்ணைக் கூரைகள் வரிசையாக மின்னின.

"ஐயோ, இவ்வளவு வேண்டாம். கொஞ்சமா. முட்டையைப் பிடிக்கிற மாதிரி மெதுவாப் பிடிங்க."

பக்கத்து இருக்கையில் இருந்தவள் பயிற்சியாளர் சண்முகப்பிரியா. சென்னையிலிருந்து வந்து இந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் மாதேஸ்வரன் உள்ளே நுழைந்ததுமே, "ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் நீங்கதானே? வாங்க சார், ஏற்கெனவே லேட்டு" என்று விறுவிறுவென்று அழைத்துப்போய், இந்தச் சின்ன விமானத்தில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டிவிட்டாள்.

அப்போது ஆரம்பித்த குழப்பம் இன்னும் தீரவில்லை. தரையில் ஓடும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பவில்லை. காலால் மிதித்துத் திருப்ப வேண்டுமாம்.

"லாரி ஓட்டுவீங்களா சார்? ஸ்டியரிங்கை அப்படிப் புடிக்கிறீங்க."

"ஆமாங்க மேடம்."

"இந்த ஊர்ல எல்லாருமே ஓட்டுவீங்க போல!" என்று சிரித்தாள்.

இவ்வளவையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்று போனில் பேசியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டார் மாதேஸ்வரன். வாய்விட்டுக் கேட்கவும் பயம். போன மாதம் ஒரு காலேஜில் நாலு கேள்வி அதிகமாகக் கேட்டுத்தான் கைக்கு வந்த வேலை போயிற்று. அதனால் கிளம்பும்போதே மனைவி அன்புச்செல்வி கண்டித்து அனுப்பியிருந்தாள்.

"அங்க போயி எதுத்துப் பேசாதீங்க. அவிய என்ன சொன்னாலும் சரிங்கன்னு தலையாட்டிப்போட்டு, இந்த வேலையாச்சும் புடிச்சுட்டு ஊடு வந்து சேருங்க."

"சார், எவ்வளவு அடி போகப்போறோம் தெரியுமா?" சண்முகப்பிரியா கேட்டாள். "மூவாயிரம்."

மாதேஸ்வரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மூவாயிரமா? ஆயிரத்தி எரநூறுக்கு மேல நான் போனதே இல்லீங்களே!"

"அட, ஆயிரத்து இருநூறு போயிருக்கீங்களா? எங்க?"

"வாழப்பாடிப் பக்கமுங்க. ராசிபுரத்துலயும் ஒருக்கா."

அங்கெல்லாம் ஏது ஓடுதளம் என்று அவள் புருவத்தைச் சுருக்கினாள். பிறகு ஒரு மீட்டர் பக்கம் விரலை நீட்டினாள்.

"நல்லது. இப்ப இந்த மீட்டரைப் பாருங்க. இது நம்ம வேகம். முள்ளு பச்சைக்குள்ள இருந்தா கவலை இல்லை. மஞ்சளுக்குப் போனா காத்து ஆடாம இருக்கணும். சிவப்புக் கோட்டை மட்டும் எந்தக் காலத்துலயும் தாண்டக் கூடாது. இறக்கை பிய்ஞ்சுடும்."

"சரிங்க."

"அதுக்காக ரொம்ப மெதுவாவும் போகக் கூடாது. விழுந்துடுவோம்."

வேகமாகப் போனாலும் சாவு, மெதுவாகப் போனாலும் சாவா? மாதேஸ்வரன் தலையாட்டினார். "சரிங்க மேடம்."

"ஜன்னல் வழியா கீழ நல்லாப் பாருங்க. எது எங்க இருக்குன்னு மனசுல பதிச்சுக்கணும். அதுதான் முதல் வேலை."

காலையிலிருந்து அவருக்குத் தெளிவாகப் புரிந்த பேச்சு அது ஒன்றுதான். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்து, பாறை, ஓடை, மர வரிசை என்று கூர்ந்து பார்த்தார். அவருடைய அக்கறை சண்முகப்பிரியாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இடது பக்கம் திருப்பச் சொன்னாள். திருப்பினார். வலது பக்கம் சொன்னாள். இறக்கை சாய்ந்து, திருச்செங்கோட்டு மலை தூரத்தில் ஒரு பொம்மை போலச் சுற்றி வந்தது. ஒரு நிமிஷம் பயம் மறந்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இப்ப வேகம் குறைஞ்சா என்ன ஆகும்னு காட்டறேன்" என்று அவள் இன்ஜினைத் தணித்து மூக்கைத் தூக்கினாள். முள் பச்சையை விட்டு இறங்கியது. எங்கிருந்தோ ஒரு ஊளைச் சத்தம். விமானம் நடுங்கியது. சட்டென்று கீழே சரிந்தது.

மாதேஸ்வரன் அலறிக்கொண்டு ஸ்டியரிங்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"இழுக்காதீங்க! தள்ளுங்க!"

"உழுந்துட்டு இருக்கறமுங்க! இன்னும் கீழ தள்ளச் சொல்றீங்களே!"

"வேகம் வந்தாத்தான் இறக்கை நம்மைத் தாங்கும். என்னை நம்புங்க சார்!"

குலசாமியை நினைத்துக் கண்ணை இறுக்கிக்கொண்டு தள்ளினார். ஊளை நின்றது. முள் ஏறியது. பச்சை, பிறகு மஞ்சள்.

"இப்ப மெதுவா மூக்கைத் தூக்குங்க. வெடுக்குன்னு வேண்டாம். அப்படித்தான்... சூப்பர் சார்!"

பூமி மறுபடியும் கிடையாகப் படுத்தது. வேட்டி வேர்வையில் நனைந்திருந்தது. ஆனாலும் நெஞ்சுக்குள் என்னவோ ஒரு பெருமிதம். ஊருக்குப் போய் இதைச் சொன்னால் அன்புச்செல்வி நம்புவாளா?

இறங்கி விமானம் நின்றதும், கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"சாரி மேடம்! நான் குணசீலன். பஸ்ஸு பஞ்சருங்க, அதான் லேட்டு. ஒம்பது மணிக்கு எனக்குத்தானுங்க முதல் கிளாஸ்."

சண்முகப்பிரியாவின் முகம் வெளுத்தது. மெல்ல மாதேஸ்வரன் பக்கம் திரும்பினாள். "அப்ப... நீங்க யாரு சார்?"

மாதேஸ்வரன் தயங்கித் தயங்கி, காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த கேள்வியைக் கேட்டேவிட்டார்.

"திருச்செங்கோட்டுல இருந்து போர்வெல் போட வந்திருக்கறனுங்க, எடத்தக் காட்டறதுக்கு இத்தன ஒசரம் கூட்டிட்டுப் போவோணுமுங்களா மேடம்?"