ஒரே ஒரு நல்ல எலும்பு

"முதுகு வலி, முதுகு வலின்னு சொல்லியே உங்கம்மா காலத்தை ஓட்டிடுவா" என்றார் அப்பா, ஸ்கேன் சென்டர் வராந்தாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு. "என்னைப் பாரு. எழுபத்தெட்டு வயசு. யார் தயவும் இல்லாம எழுந்திருக்கிறேன், நடக்கிறேன்."



நான் சின்ன வயதிலிருந்தே அப்பா செல்லம். போதாக்குறைக்கு ஆபீசுக்கு லீவு வேறு போட்டிருந்தேன். எரிச்சல் அம்மா மேல்தான் பாய்ந்தது.

"ஏம்மா, அப்பாவே ஜம்முனு இருக்கார். அவரைவிட நீ எவ்வளவு சின்னவ! உனக்கு என்ன வந்தது?"

"வயசாகுதுல்ல" என்றாள் அம்மா.

ஸ்கேன் எடுத்து முடிந்துவிட்டது. டாக்டர் உள்ளே கூப்பிட்டார். அம்மா முதலில் எழுந்து, அப்பாவின் நாற்காலியை ஒட்டி நின்றாள். அப்பா அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இந்த வயசுலயும் என்ன ஒட்டுதல்!" என்று நர்ஸ் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இது அம்மாவோட கீழ் முதுகெலும்பு. நாலு எலும்பு தெரியுதா? மூணுல அடர்த்தி ரொம்பக் குறைவு. மூணாவதா இருக்கிற இது மட்டும் நல்ல நம்பர் காட்டுது."

"அப்பாடா, அது ஒண்ணாவது நல்லாருக்கே!" என்றேன்.

"அதுதான் உடைஞ்ச எலும்பு."

எனக்குத் தலை சுற்றியது. "இப்பத்தானே நல்லாருக்குன்னீங்க?"

"மெஷினுக்கு அப்படித் தெரியும்மா. எலும்பு நசுங்கினா கொஞ்ச இடத்துல நெருக்கமா அமுங்கிடும். படத்துல கெட்டியாத் தெரியும். பக்கவாட்டுல எடுத்த படத்தைப் பாருங்க, எவ்வளவு தட்டையா இருக்கு." அம்மாவிடம் திரும்பினார். "எங்கேயாவது விழுந்தீங்களா?"

"இல்லையே."

"கனமா ஏதாவது தூக்குறீங்களா?"

"இல்லையே டாக்டர்."

"இவளா!" என்று அப்பா குறுக்கே புகுந்தார். "துணி துவைக்க மெஷின், வீடு துடைக்க ஆளு. இவ தூக்குற ஒரே கனம் டிவி ரிமோட்டுதான்!"

விழவும் இல்லை, தூக்கவும் இல்லை. பின்னே எலும்பு தானாகவா நசுங்கும்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"அம்மா, எதையாவது மறைக்கிறியா?"

அம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருந்து இருக்கு, ஊசி இருக்கு" என்றார் டாக்டர். "ஆனா முதுகுல எந்த பாரம் இறங்குதுன்னு தெரிஞ்சு நிறுத்தணும். இல்லேன்னா அடுத்த எலும்பும் நசுங்கிடும். அப்புறம் படுத்த படுக்கைதான்."



"சரி சரி, மருந்தை எழுதுங்க. நான் போய் வண்டியை வரச் சொல்றேன்" என்றார் அப்பா.

அவர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். ஒரு கையால் மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் கை அவள் தோளில் விழுந்தது. அவருடைய மொத்த உடம்பும் அந்தக் கை வழியாக அவள் மேல் இறங்கியது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்பா எழுந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, கம்பீரமாக வெளியே நடந்தார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா!" என்று சத்தம் போட்டார். "அவர் எழுந்திருக்கும்போதெல்லாம் இப்படித்தானா? இந்த பாரத்தைச் சுமந்துக்கிட்டா ஒண்ணும் தூக்கலைன்னு சொன்னீங்க?"

அம்மா பதறிப்போய் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவாப் பேசுங்க டாக்டர், அவர் காதுல விழுந்துடப் போகுது. தானாவே எழுந்திருக்கிறதா நினைச்சுக்கிட்டிருக்கார்."