அரைக் கேன் கரைசல்

“தப்பு செஞ்சேன்னு எழுத மாட்டேன். ஊத்தினேன்னு வேணா எழுதித் தாரேன்.”

அதிகாரி விஜயசங்கர் நீட்டிய வெள்ளைத் தாளை இசக்கிச்செல்வி அவர் பக்கமே தள்ளிவிட்டாள்.

அவருக்கு முகம் சிவந்துபோனது. குற்றாலத்தில் அந்த ஹால் நிறைய ஆட்கள். டெல்லிக்காரர்கள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்காரர்கள், ஆலங்குளம் பக்கத்திலிருந்து வேனில் வந்து இறங்கிய இருபது விவசாயிகள். சீசன் பார்த்துத்தான் மீட்டிங் போட்டிருந்தார்கள். கோட்டுப் போட்டவர்கள் தலையில்கூட அருவி ஈரம் இன்னும் காயவில்லை.

“உயிரிப் பொருளாதாரம்னு நாட்டுக்கே ஒரு திட்டம் போட்டிருக்கோம். மூணு நாடு சேர்ந்து ஆராய்ச்சி பண்ணுது. நீ ஒரு கேனைச் சாய்ச்சு மொத்தத்தையும் கெடுத்துட்டியேம்மா!”

“முழுக் கேன் இல்ல சார். அரைக் கேன்தான்.”

பின் வரிசையில் யாரோ சிரித்து, உடனே அதை இருமலாக்கிக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். சின்ன வெங்காயத்தில் அழுகல் நோய். ரசாயன மருந்து இல்லாமல் அதைத் தடுக்க ஒரு நுண்ணுயிர்க் கரைசல் கண்டுபிடித்திருந்தார்கள். பத்து விவசாயிகளுக்கு அந்தக் கரைசல். அவர்களுக்கு அடுத்த வயல்காரர்கள் பத்துப் பேருக்கு வெறும் தண்ணீர். கேன் எல்லாம் ஒரே நிறம். சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று மூச்சு விடவில்லை. ‘என் கேனை யாருக்கும் கொடுக்க மாட்டேன்’ என்று எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

எல்லாம் யோசித்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. மூடியைத் திறந்தால் கரைசல் புளித்த தோசை மாவு மாதிரி மணக்கும். தண்ணீர் மணக்காது.

இசக்கிச்செல்வியின் கேன் மணத்தது. அடுத்த வயல் இராமலட்சுமியின் கேன் மணக்கவில்லை. இவள் பாதியைக் கொண்டுபோய் அங்கே ஊற்றினாள். திட்டத்தில் வேலை பார்க்கும் பாண்டியராஜ் அதைப் பார்த்துவிட்டான். இரண்டு வயல் மண்ணையும் அள்ளிக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். மாட்டிக்கொண்டாள்.

“ஏலே பாண்டி, விடியக்காலம் எங்க வயக்காட்டுல ஒனக்கு என்னலே சோலி?” ஹாலில் ஓரமாக நின்றவன் பக்கம் இசக்கிச்செல்வி திரும்பினாள்.

“மண்ணு எடுக்க வந்தேன்க்கா...”

“எடுத்தேல்லா. இப்ப சந்தோசமா?”

விஜயசங்கர் மேசையைத் தட்டினார்.

“கடைசியா சொல்லுறேன். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு. இல்லன்னா திட்டத்துல இருந்து உன் பேரை அடிச்சிருவேன். உங்க ஊர்ல கரைசல் தயாரிக்கிற கூடம் வரப்போகுதே, அதுக்கு நீதான் பொறுப்புன்னு இருந்தது. அதுவும் கிடையாது.”

இசக்கிச்செல்வி தான் தள்ளிவிட்ட தாளை ஒரு தடவை பார்த்தாள். அந்த வேலையை நம்பித்தான் போன மாசம் பீடி சுற்றுவதையே நிறுத்தியிருந்தாள்.

“ஏட்டி இசக்கி!” முதல் ஆளாக எழுந்தவர் குற்றாலிங்கம். ஊரில் பெரிய வெங்காய விவசாயி. அவருக்கும் கரைசல் கேன்தான் விழுந்திருந்தது. “கையெழுத்துப் போட்டுட்டு இப்படிச் செய்யலாமா? ஒருத்தியால ஊருக்கே கெட்ட பேருல்லா!”

“ஆமா... ஆமா...” என்று பின்னால் ஏழெட்டுக் குரல்கள்.

“அண்ணாச்சி, நீங்க உக்காருங்க. கேக்க வேண்டியவங்க கேக்கட்டும்.”

ஆராய்ச்சியை நடத்தும் விஞ்ஞானி அனன்யா எழுந்தாள். சின்னப் பெண். மூன்று வருட உழைப்பு போன வலி குரலில் இருந்தது.

“அக்கா, ஒரு வயல்ல ஊத்தாம விட்டாத்தானே, ஊத்தின வயலுக்கு என்ன பலன்னு தெரியும்? அது தெரியாம நாடு முழுக்க எதை நம்பிக் கொடுப்பாங்க?”

“அது புரியாமலா மேடம்? நீங்க சொல்லுதது நியாயம்தான். ஆனா ஒரே பந்தியில உக்கார வச்சு, என் இலையில சோறு, அவ இலையில தண்ணின்னா, நான் எப்படி முழுங்க? அவ குத்தகைக்காரி. இந்தத் தடவை அழுகுனா அடுத்த வருசம் அவளுக்கு நிலமே கெடையாது. தண்ணி வாங்கினவளோட நட்டத்துக்கு உங்க திட்டத்துல என்ன எழுதியிருக்கு? அதைக் கொஞ்சம் வாசிங்க.”

விஜயசங்கர் கோப்பைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார்.

“அப்படி... தனியா ஒண்ணும் இல்ல.”

“இல்லல்லா? அப்ப விட்டுப்போனதை நான் எழுதினேன்னு வச்சுக்கிடுங்க. அதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். பேரை அடிக்கணும்னா அடிங்க சார். எனக்குப் பீடி சுத்தத் தெரியும்.”

இராமலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விஜயசங்கர் பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் அனன்யாவின் செல்போன் சிணுங்கியது. மிச்ச வயல்களின் மண் சோதனை முடிவு. படித்தாள். மறுபடியும் மேலே போய் முதலிலிருந்து படித்தாள்.

“சார், ஒரு நிமிஷம். அடிக்காதீங்க.”

“என்னம்மா?”

“தண்ணி கொடுத்த பத்து வயல்லயும் அந்த நுண்ணுயிர் இருக்கு சார். ஒண்ணு விடாம.”

வெளிநாட்டுக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் என்னவென்று கேட்டார். கத்தியவர்கள் எல்லோரும் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

குற்றாலிங்கம் மட்டும் பின்னந்தலையைச் சொறிந்தபடி இசக்கிச்செல்வியின் பக்கம் மெல்லக் குனிந்தார்.

“இம்புட்டு நாளும் நான் ஒருத்தன்தான் ஊத்தினேன்னுல்லா பயந்துக்கிட்டுக் கெடந்தேன்!”