மாற்று ஆட்டக்காரி

இருவரும் ஒரே நாளில் கூடைப்பந்து அணியில் சேர்ந்தவர்கள். எட்டு வருடம் ஒருத்தி ஆடினாள். மற்றவள் பெஞ்சைத் தேய்த்தாள். ஆடியவள் இன்று அணிக்கு மேனேஜர். அறைச் சுவர் முழுக்க அவள் படங்கள். தேய்த்தவள், இந்த வருடம் ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று தெரியாமல், வயிற்றெரிச்சலோடு அவள் எதிரே நின்றாள்.

மேனேஜரின் பேனா கீழே விழுந்தது.

“எடுத்துக் குடுடி.”

“ஏன், மகாராணி குனிய மாட்டீங்களோ?”

“முடியாது. ரெண்டு முட்டியும் போச்சு.”

“எப்பலேருந்து?”

“மூணாவது வருஷத்துலேருந்து.”

“பொய் சொல்லாத. ஒரு மேட்ச்கூட நீ வெளிய வந்து உக்காந்ததில்லையே!”

“டாக்டர் ஓய்வெடுக்கத்தான் சொன்னாரு. ஊசி போட்டுக்கிட்டு ஆடினேன்.”

“எதுக்கு? உனக்குப் பதிலா எறங்கத்தானே நான் இருந்தேன்?”

“அதனாலதாண்டி. பிராக்டீஸ்ல நீ பந்து போடுறத தினமும் பாத்தவ நான். ஒரு மேட்ச் உன்ன எறக்கியிருந்தா, அப்புறம் என்னை எவன் கூப்பிட்டிருப்பான்?”

மேனேஜர் ஒப்பந்தத்தை அவள் பக்கம் தள்ளினாள். பெயருக்கு நேரே ‘கேப்டன்’ என்று இருந்தது.

“அணி ஜெயிக்கணும், குடுக்கறேன். இப்பவும் மனசே இல்லாமத்தான் குடுக்கறேன்.”

அவள் கீழே கிடந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். நன்றி சொல்லவில்லை.