எண்பது சதவீத ஈரம்

ஒரு சின்னஞ்சிறு உயிருக்காகக் காட்டையே படைப்பவன் கடவுளுக்கு ஒரு படிதான் கீழே நிற்கிறான். வங்கி மேலாளர் இப்போது நிற்பது தவளை வளர்க்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால், பனியனோடு, இஸ்திரிக்கு வைத்திருந்த ஸ்பிரே பாட்டிலோடு. தவளைக்கு எண்பது சதவீத ஈரப்பதம் வேண்டும். குறைந்தால் தோல் காய்ந்து செத்துப்போகும். மீட்டர் நாற்பதைத் தாண்டவில்லை. மறுபடி பீய்ச்சுகிறார். பாசி சொட்டுகிறது, கண்ணாடி வழிகிறது, மேசை விரிப்பு ஊறுகிறது. மீட்டர் முள் மட்டும் வங்கியில் அவர் மேசையில் கிடக்கும் கடன் மனுவைப் போல நகர மறுக்கிறது. பாசிக்கடியில் தவளை வாடிக்கொண்டிருக்கும் என்று நினைத்து இன்னும் இரண்டு முறை பீய்ச்சுகிறார். படுக்கையறையிலிருந்து மனைவியின் குரல் வருகிறது.

"ஏங்க, ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"இங்க ஒரு உயிர் ஊசலாடுது, உனக்குத் துண்டா பெரிசு?"

மீட்டரைச் சுண்டுகிறார், தட்டுகிறார், அதைச் செய்தவனின் பரம்பரையையே திட்டுகிறார்.

"அந்த உயிர் இங்க துண்டு மேல சொகுசா உக்காந்து முழிக்குதுங்க."

பாட்டில் அந்தரத்தில் நிற்கிறது. அதன் மூக்கிலிருந்து ஒரு சொட்டு அவர் கால்விரலில் விழுகிறது. பெட்டியின் பின்கதவு காலையில் அவர் திறந்தபடியே கிடக்கிறது.