கழித்த பிறகு

மரக்காணம் உப்புப் பாத்தியில் தண்ணீரின் சூட்டைப் பதியும் கருவியைத் துடைத்துவிட்டு, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ரேகா அவசரமாய் வரப்பில் நடந்தாள். ஆய்வகத்திலிருந்து கௌதமன் போன் செய்தான்.

“மேடம், வருஷா வருஷம் ஏறிட்டே போற சூட்டை டேட்டாலேர்ந்து கழிச்சிட்டேன். இனிமே மேல போகாது. வெயில் காலம், மழைக் காலம்னு ஒரே சுத்துதான் திரும்பத் திரும்ப வரும்.”

“அதாம்பா வேணும்,” என்றாள் ரேகா.

ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. ஆனால் வரப்பு முடிந்த இடத்தில் அதே கருவி நின்றது. மேலே அவள் துடைத்துப் போட்ட துணி, இன்னும் ஈரமாக. மறுபடி நடந்தாள். மறுபடியும் ஹாரன், கருவி, ஈரத்துணி.

கழித்ததைத் திரும்பச் சேர்க்கச் சொல்லலாம் என்று கௌதமனைக் கூப்பிட்டாள்.

“மேடம், வருஷா வருஷம் ஏறிட்டே போற சூட்டை...” என்று ஆரம்பித்தான்.

“அதாம்பா வேணும்,” என்றது அவள் வாய்.