செக்கில் ஒரு கன்று

சோதனைக்கு அதிகாரி கொக்கு வந்துவிட்டது. செக்கு இழுத்துக்கொண்டிருந்த கன்று கண்கட்டோடு அப்படியே நின்றது.

"மூணு வயசுக்குள்ள பூட்டக் கூடாது, தெரியுமில்ல?"

"மூணு முடிஞ்சிருச்சுங்க. ஆள்தான் குட்டை," என்றது செக்குக்கார எருமை.

"பல்லைக் காட்டச் சொல்லு."

"பல்வலிங்க. வாயைத் திறக்க முடியாது."

கன்றுக்கோ வேறு சந்தேகம். காலையில் வேலை கேட்டு வந்த பார்வையில்லாத காளையை எருமை விரட்டியிருந்தது.

"கண்ணைக் கட்டித்தானே சுத்த விடுறீங்க மாமா? அப்புறம் கண்ணு தெரியலன்னு அந்த அண்ணனை ஏன் விரட்டினீங்க?"

திறந்த வாய்க்குள் கொக்கு எட்டிப் பார்த்தது. எல்லாமே பால் பல். கண்கட்டை அவிழ்த்துவிட்டு, "அந்தக் காளையைக் கூப்பிடு," என்றது.

எருமை சொன்ன வேலையெல்லாம் கன்று செய்திருந்தது. வாயை மட்டும் மூடச் சொன்னபடி மூடவில்லை.