கோடு விழாத கண்ணாடி

அன்று காலை வாசலில் இருந்தவர்கள் நான், என் மனைவி, தம்பி, அவன் மனைவி ஆகிய நால்வர் மட்டுமே. இரண்டு கார்களையும் கழுவினோம். கண்ணாடியை வெளியே மேலும் கீழுமாகவும் உள்ளே பக்கவாட்டிலும் துடைப்பது எங்கள் குடும்ப வழக்கம். கோடு விழுந்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

தம்பியின் கண்ணாடியில் கோடே இல்லை. அதில் ஐந்து பேர் தெரிந்தோம். போன வருடம் இறந்த அப்பா தம்பியின் தோளில் கை வைத்திருந்தார்.

"அண்ணா, உங்க கண்ணாடியிலயும் பாருங்க."

மூன்று வருடம் அவரைப் படுக்கையில் பார்த்துக்கொண்டவன் நான். ஏழு முறை துடைத்தேன். நால்வர்தான் தெரிந்தோம்.

"விடுங்க. போய்ச் சேர்ந்தும் மாமாவுக்கு உங்க தம்பிதான் செல்லம்" என்றாள் மனைவி.

தம்பி காரின் கண்ணாடியை நான் உடைத்ததாகத் தெருவில் பேச்சு. எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் பொருளை யாரும் தொடுவதில்லை. நான் உடைத்தது என்னுடையதை.